சமையற்காரரின் திறனை எப்படி அளப்பது?

திருநெல்வேலிச் சீமையின் சைவக் குடும்பங்களில் ஒரு கல்யாணத்துக்குச் சமையற்காரரைப் பேசி முடிக்கும்போது, வீட்டுப் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "சொதி நல்லா வைப்பாரா?" என்பதாகவே இருக்கும். சொதி என்பது காய்களைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்யும் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் போடும் மாப்பிள்ளைச் சொதிச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் திரிந்துபோனால், முந்தின நாள் இலையில் எத்தனை பதார்த்தங்கள் வைத்திருந்தாலும் ஊரார் அவற்றைப் பேசமாட்டார்கள். திரிந்த சொதியைத்தான் பேசுவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு சித்தப்பா வீட்டு விசேஷத்தில் அந்தச் சமையற்காரர் கையால் சாப்பிட்ட ஒருவர், விசேஷச் சமையல் நடக்கும் ஆக்குப்புரையைச் சொல்லி, "அவர் வந்துட்டார்னா நாம ஆக்குப்புரைப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம்" என்று சொல்வார். அந்த ஒரு சொல்லை நம்பி ஐந்நூறு பேருக்கான சமையலை ஒப்படைத்துவிடுகிறோம். தவசிப்பிள்ளை என்று இந்தப் பக்கத்தில் மரியாதையுடன் அழைக்கப்பட்ட சமையற்கலைஞர்களின் தொழில் பல தலைமுறைகளாக இவ்வாறு சாப்பிட்டவர் சொல்லும் சாட்சியின் மேல்தான் நின்றது. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சாட்சிக்கு ஓர் எல்லை உண்டு. அதே தவசிப்பிள்ளையின் மகன் சென்னையிலோ துபாயிலோ ஒரு பெரிய ஓட்டலின் அடுக்களையில் வேலை கேட்டு நிற்கும்போது, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். ஒருவருடைய கைத்திறனை, அவர் சமையலை ஒருபோதும் சாப்பிட்டிராத மற்றொருவர் நம்புவதற்கு ஏதுவாக, எழுத்தில் வகுத்து வைக்கப்பட்ட அளவுகோலுக்கே தொழில் தரநிலை என்று பெயர்.

பயிற்சி, தரநிலை, சான்றிதழ் ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். பயிற்சி என்பது கற்றுக்கொள்ளும் வழி. அது கல்லூரியில் நடக்கலாம், அப்பாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்த ஆக்குப்புரையிலும் நடக்கலாம். தரநிலை என்பது அந்த வழியில் நடந்தவர் இறுதியில் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எழுத்து. சான்றிதழ் என்பது, ஒருவரைச் சோதித்துப் பார்த்தோம், அவர் அந்த அளவுக்கு வந்திருக்கிறார் என்று சோதித்த அமைப்பு தரும் ஒப்புதல். நல்ல பயிற்சி பெற்றும் சான்றிதழ் இல்லாதவர்கள் நம் ஊரில் ஏராளம். சான்றிதழ் இருந்தும் அடுப்பின் முன் தடுமாறுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் தரநிலையின் குறை அன்று. சோதித்தவர்கள் அதை முழுமையாகச் சோதிக்காததே காரணம்.

ஒரு தரநிலை எப்படி எழுதப்படுகிறது என்பதைச் சொதியைக் கொண்டே விளக்கலாம். "சொதி வைக்கத் தெரிய வேண்டும்" என்று எழுதினால் அது தரநிலை ஆகாது. ஏனென்றால் அதைச் சோதிப்பவர் எதைப் பார்த்துத் தெரியும், தெரியாது என்று முடிவு செய்வார் என்பது அதில் இல்லை. தரநிலை, கண்ணால் பார்க்கவும் நாவால் சுவைக்கவும் கையால் அளக்கவும் கூடிய செயல்களாக அதைப் பிரிக்கும். தேங்காயிலிருந்து முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழிந்து வைக்கிறாரா? முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் ஆகியவற்றை ஒரே நேரத்தில் வேகக்கூடிய அளவில் நறுக்குகிறாரா? காய்களை இரண்டாம், மூன்றாம் பாலான தண்ணிப்பாலில் வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பையும் அரைத்த இஞ்சி, பச்சைமிளகாயையும் உரிய நேரத்தில் சேர்க்கிறாரா? முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் நுரை கூடும்போதே இறக்குகிறாரா? எலுமிச்சஞ்சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிகிறாரா? பரிமாறும்போது பால் திரியாமல், காய் குழையாமல் இருக்கிறதா? இவை ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியே நின்று பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வர முடியும் என்பதே இப்படிப் பிரிப்பதன் பயன்.

செயல்களோடு நின்றுவிடாமல் தரநிலை அறிவையும் கேட்கும். முதற்பாலை ஏன் கொதிக்கவிடக் கூடாது? தேங்காய்ப்பால் என்பது தண்ணீரும் கொழுப்பும் கலந்து நிற்கும் ஒரு கலவை. அதிலுள்ள புரதம்தான் கொழுப்புத் துளிகளைத் தண்ணீரில் பிரியாமல் பிடித்து வைத்திருக்கிறது. சூடு மிகும்போது அந்தப் புரதம் திரண்டு, பிடி விட்டு, எண்ணெய் தனியே மிதக்கிறது. புளிப்புச் சேரும்போதும் புரதம் திரளும் என்பதால், கொதிக்கும் சொதியில் எலுமிச்சை பிழிந்தால் இரண்டு காரணங்களும் சேர்ந்து பால் விரைவில் திரிந்துபோகும். இந்தக் காரணம் தெரியாமலேயே பாட்டிமார் சரியாகச் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் காரணம் தெரிந்தவர், தாம் முன்பின் சமைத்திராத ஒரு பால்குழம்பை வேறொரு நாட்டு அடுக்களையில் சமைக்க நேர்ந்தாலும் அதைத் திரியவிடமாட்டார். தொழிற்பயிற்சியில் அறிவுப் பகுதி இருப்பது இதற்காகத்தான்.

வீட்டுச் சமையலுக்கும் தொழில் சமையலுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிவது அளவைப் பெருக்கும் இடத்தில். பத்துப் பேருக்கான கணக்கை ஐம்பதால் பெருக்கினால் ஐந்நூறு பேருக்கான சமையல் வந்துவிடாது. பெரிய அண்டாவில் குழம்பின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு; எனவே வற்றும் தண்ணீரும் அந்த விகிதத்தில் குறைவு. தண்ணீரையும் அப்படியே பெருக்கி ஊற்றியவருக்குக் குழம்பு நீர்த்துப்போகும். பெரிய பாத்திரம் இறக்கிய பிறகும் நெடுநேரம் சூட்டைத் தாங்கி நிற்பதால் காய் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். ஆகவே முழுப் பக்குவத்துக்குச் சற்று முன்னதாகவே இறக்க வேண்டும். கோட்டையடுப்பின் முன் நிற்கும் மாஸ்டர் இதையெல்லாம் கண்மட்டத்தில் அறிந்திருக்கிறார். அந்தக் கண்மட்டத்தை எழுத்தாக்குவதுதான் தரநிலை எழுதுகிறவரின் கடினமான வேலை.

செலவுக் கணக்கும் திறனின் பகுதியே. கிலோ 30 ரூபாய் என்று 10 கிலோ காய் வாங்கி, தோல் சீவிக் காம்பு நீக்கியபின் 8 கிலோதான் நிற்கிறது என்றால், அந்தக் காயின் உண்மையான விலை கிலோவுக்கு 37 ரூபாய் 50 காசு. இந்தக் கழிவுக் கணக்கைப் போடாமல் இலை ஒன்றுக்கு விலை பேசியவர்கள், கை நிறைய வேலை இருந்தும் கடனாளி ஆகியிருக்கிறார்கள்.

இனி நம் நாட்டில் இதற்கான அமைப்பைப் பார்ப்போம். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தச்சு, மின்பணி, தையல், சமையல் என எல்லாத் தொழில்களின் தகுதிகளையும் ஒரே படிக்கட்டில் வரிசைப்படுத்துவது அதன் நோக்கம். முதலில் 10 நிலைகளாக இருந்த அந்தப் படிக்கட்டு 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் 8 நிலைகளாக மாற்றப்பட்டது. ஒருவர் செய்யும் வேலை எவ்வளவு பழகிய வேலை, அதற்கு எவ்வளவு தொழில் அறிவு வேண்டும், எவ்வளவு கைத்திறன் வேண்டும், எழுத்தும் கணக்கும் பேச்சும் எவ்வளவு வேண்டும், எவ்வளவு பொறுப்பு அவர் தலையில் இருக்கிறது என்று ஐந்து கோணங்களில் 2013-இன் கட்டமைப்பு ஒவ்வொரு நிலையையும் விவரித்தது. சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கென உள்ள திறன் குழுமம் சமையற்காரர்களுக்கான தரநிலைகளை எழுதுகிறது. தொழிற்கல்விக்கான தேசிய மன்றம் அவற்றை ஒழுங்குபடுத்துகிறது.

படிநிலை என்பது நமக்குப் புதிய கருத்து அன்று. நம் கல்யாண ஆக்குப்புரையில் தலைமைத் தவசிப்பிள்ளை, அவருக்குக் கீழே குழம்பும் கூட்டும் பார்ப்பவர், சாதம் வடிப்பவர், அரைப்பவர்கள், காய் நறுக்குபவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள், இவர்களுக்கெல்லாம் சாமான் அளந்து கொடுக்கும் உக்கிராணக்காரர் என்று தெளிவான வரிசை உண்டு. ஓட்டல் அடுக்களையில் இன்று உலகெங்கும் வழங்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர் எஸ்காஃபியே (1846–1935) என்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர். படைப்பிரிவின் ஒழுங்கை முன்மாதிரியாகக் கொண்டு, லண்டன் சவாய் ஓட்டலில் அவர் வேலையைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளரை நிறுத்தினார். இந்திய ஓட்டல்களில் மூன்றாம் கமி, இரண்டாம் கமி, முதல் கமி, பிறகு பிரிவுப் பொறுப்பாளரான சி.டி.பி., அதற்கு மேல் சூ ஷெஃப், உச்சியில் எக்ஸிக்யூடிவ் ஷெஃப் என்று வழங்குவது அந்த மரபின் தொடர்ச்சியே. வேலை விளம்பரத்தில் 'கமி' என்று பார்த்துத் திகைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள், அது அடுக்களையின் முதற்படி என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

சமையற்காரரும் ஷெஃப்பும் ஒன்றுதானா என்று கேட்பவர்கள் உண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு இவ்விரண்டையும் வேறு வேறு குறியீடுகளில் வைத்திருக்கிறது: சமையற்காரர்களுக்கு 5120, ஷெஃப்களுக்கு 3434. சமைப்பதோடு நில்லாமல் உணவுப் பட்டியலைத் திட்டமிடுவதும், புதிய பதார்த்தங்களை உருவாக்குவதும், பிறர் சமையலை மேற்பார்வை செய்வதும் பின்னவரின் வேலை. அந்தக் கணக்கில் பார்த்தால், பெண் வீட்டாரோடு உட்கார்ந்து மூன்று வேளைக்குப் பட்டியல் போட்டு, சாமான் சிட்டை எழுதிக் கொடுத்து, இருபது பேரை வேலை வாங்கும் நம் தலைமைத் தவசிப்பிள்ளை ஒரு ஷெஃப்தான். வெள்ளைத் தொப்பி வைத்தவரை அப்படி அழைக்கத் தயங்காத நாம், வேட்டியை மடித்துக் கட்டியவரை அப்படி அழைக்கத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயிற்சிக்குப் பல வாசல்கள் இருக்கின்றன. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், ஐ.டி.ஐ.களில் உணவுத் தயாரிப்பு என்ற ஓராண்டுப் பிரிவு உண்டு, எல்லா ஐ.டி.ஐ.களிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை என்பதால், சேருமுன் விசாரிப்பது அவசியம். ஓட்டல் மேலாண்மைக்கான தேசிய மன்றத்தின் பாடத்திட்டத்தில் நடக்கும் கல்வி நிலையங்கள் சென்னைத் தரமணியிலும் திருச்சித் துவாக்குடியிலும் இருக்கின்றன. அங்கே நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் பட்டப்படிப்பும், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரக்கூடிய சமையல் கைத்தொழில் படிப்பும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஓட்டல் அடுக்களையிலேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு பழகுநராகச் சேரவும் முடியும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளுக்கு வழிகாட்டுகிறது.

ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துக்கு மிக முக்கியமானது என்று நான் கருதுவது வேறொரு வாசல். அது முன்கற்றலுக்கு அங்கீகாரம் வழங்கும் முறை. இருபது ஆண்டுகளாகப் புரோட்டாக் கல்லின் முன் நிற்கும் மாஸ்டரை மறுபடியும் முதல் வகுப்பில் உட்காரவைத்து, மைதா என்றால் என்ன என்று பாடம் நடத்துவது அவருக்கு இழிவு, நாட்டுக்கு வீண். அவர் ஏற்கெனவே அறிந்ததைச் சோதித்து, குறையும் இடத்தில் மட்டும் சுருக்கமாகப் பயிற்றுவித்து, சான்றிதழ் வழங்குவதே இம்முறை. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இது ஒரு கூறாக இடம்பெற்றது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைக்கும் பெண்களின் திறன் எந்தத் தாளிலும் பதிவாகாமல் இருப்பதை நினைத்தால், இந்த வாசல் எவ்வளவு அகலத் திறக்கப்பட வேண்டும் என்பது விளங்கும்.

இந்த அளவுகோல்களுள் யாராக இருந்தாலும் விலக்கில்லாமல் கற்றாக வேண்டியது உணவுப் பாதுகாப்பு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில், விடியற்காலை 4 மணிக்கு வடித்துக் குவித்து ஈரத்துணி போட்டு மூடி வைத்த சோற்றை மதியம் 2 மணிப் பந்தியில் பரிமாறினார்கள். அன்று இரவுக்குள் என் வீட்டார் உட்படப் பலர் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டோம். சமைத்தவர் நீண்ட அனுபவமுள்ளவர். ருசியில் ஒரு குறையும் இல்லை. சோற்றில் என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. சோறு கெட்ட வாடை வீசாமலேயே இது நடந்துவிடும் என்பதால், மூக்கை நம்பியவர் ஏமாந்துவிடுவார்.

அதனால்தான் 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையை அபாய மண்டலம் என்று தொழிற்பயிற்சியில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். சூடாகப் பரிமாற வேண்டியது 60-க்கு மேலேயும், குளிர்ச்சியாக வைக்க வேண்டியது 5-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். நெல்லையின் சித்திரை வெயிலில் ஆக்குப்புரையின் காற்றே அந்த மண்டலத்துக்குள்தான் இருக்கிறது. மாப்பிள்ளைச் சொதியைப் பொறுத்தவரை கைமணமும் தரநிலையும் இங்கே ஒரே புள்ளியில் சந்திக்கின்றன: 60 பாகைக்குக் கீழே இறங்கவும் கூடாது, கொதிக்கவும் கூடாது. அந்த இடைவெளியில் பந்தி முடியும்வரை சொதியை நிறுத்தி வைப்பவர்தான், ருசியிலும் பாதுகாப்பிலும் தேர்ந்த தவசிப்பிள்ளை. கொதிநீர் அண்டாவுக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது அதற்கு ஓர் எளிய வழி. ஒரு வெப்பமானி வாங்கி அவ்வப்போது சொருகிப் பார்ப்பது அதைவிடவும் எளிது.

அல்வாவுக்கு இந்தக் கவலை குறைவு. கோதுமைப்பாலைச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிக் கிளறித் தண்ணீரை வற்றச் செய்கிறோம். மிஞ்சும் ஈரத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிரிகள் எளிதில் பெருக முடிவதில்லை. நெல்லை அல்வா ரயிலேறிச் சென்னைக்குப் போவதும், சொதி தெருமுனையைத் தாண்டத் தயங்குவதும் இதனால்தான்.

சட்டப்படியான கடமைகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிமுறைகள், உணவைக் கையாளுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளவும், குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் கேட்கின்றன. உரிமம் பெற்ற உணவுத் தொழிலகங்களில் 25 உணவுக் கையாளுநருக்கு ஒருவர் வீதம், பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். வடையும் புரோட்டாவும் பொரிக்கும் எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அது சிதைவதால் அதில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. விருதுநகர் முதல் செங்கோட்டை வரை பொரித்த புரோட்டாவைக் கொண்டாடும் நமக்கு, இந்த ஒரு விதி மற்றெந்த விதியையும்விட நெருக்கமானது.

வெளிநாடு போக விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. ஜெர்மனியில் சமையற்காரர் ஆவதற்கு, தொழிலிடத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்கும் மூன்றாண்டுப் பயிற்சி வழக்கமான பாதை. கனடாவில் மாகாணங்கள் அனைத்தும் ஏற்கும் சிவப்பு முத்திரைத் தேர்வு சமையற்காரர்களுக்கும் உண்டு. அவரவர் நாட்டில் அளவுகோல் வேறு என்பதால், இங்கே பெற்ற சான்றிதழ் அங்கே எந்த நிலைக்கு நிகராக ஏற்கப்படும் என்பதை முகவரின் வாய்மொழியில் நம்பாமல், அந்நாட்டு அமைப்பிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரநிலைகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓட்டல் பாடங்கள் பெரும்பாலும் வெள்ளைச் சாஸிலும் பிரெஞ்சு முறையில் காய் நறுக்குவதிலும் தொடங்குகின்றன. சொதியும், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும் எந்தப் பக்குவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் எழுத்து அவற்றில் என் கண்ணில் பட்டதில்லை. வெள்ளைச் சாஸைக் கட்டிதட்டாமல் கிண்டக் கற்பது பயனற்றது அன்று. ஆனால் மூன்று பால் பிழிந்து திரியாமல் சொதி வைப்பது அதைவிடக் கடினமான வேலை. அதுவும் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக வேண்டும். அதை எழுதித் தர வல்லவர்கள் இன்று அறுபது வயதைத் தாண்டிய தவசிப்பிள்ளைகள். அவர்கள் அருகில் தராசும் வெப்பமானியும் குறிப்பேடுமாக ஒரு மாணவர் நின்று, கைப்பிடி உப்பு எத்தனை கிராம், "நுரை கட்டட்டும்" என்று அவர் சொல்லும் கணத்தில் பால் எத்தனை பாகை என்று எழுதிக்கொள்வது, ஒரு கேட்டரிங் கல்லூரி ஒரே பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை.

பிள்ளைகளைச் சமையல் படிப்பில் சேர்க்க எண்ணும் பெற்றோர் என்னிடம் கேட்கும்போது, கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், பயிற்சி அடுக்களையைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன். ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் கையால் சமைக்கிறார்கள், தேர்வு நாளில் சமையலைச் சோதிக்க வருபவர் வெளியாளா, அதே நிலையத்தின் ஆசிரியரா, அவர் மாணவரோடு தமிழில் பேசுவாரா, தரப்படும் சான்றிதழ் தேசியக் கட்டமைப்பின் எந்த நிலையில் பதிவாகியிருக்கிறது என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிலையத்தில் சேர்க்கலாம். ஓர் அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, ஒருவர் கிளற ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கும் அடுக்களையாக இருந்தால், அந்த ஆண்டு முழுவதும் நம் பக்கத்துத் தவசிப்பிள்ளை ஒருவரோடு ஆக்குப்புரைக்கு அனுப்பிவிட்டு, பிறகு முன்கற்றல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன்.